இழுத்துச் சீவுற ஊரு: ஜப்பான் ஆசாரிக் கருவிகளைத் தேடி ஏழு நாள்

நாள் 1 – கோபே

காலையில கன்சாய் ஏர்போர்ட்ல இறங்கி பஸ் புடிச்சு கோபே சன்னோமியா வந்து சேர மதியம் ஆயிடுச்சு. அக்கா பையன் இங்கதான் வேலை பாக்குறான், ஏழு நாளும் அவன் ரூம்லதான் தங்கப்போறேன். அவனுக்கு ஜப்பான் பாஷை நல்லா வருது, இல்லைன்னா இந்தப் பயணத்துக்கே அர்த்தம் இல்ல.

எதுக்கு வந்தேன்னு முதல்ல சொல்லிடுறேன். எங்க அப்பா ஆசாரி, நிலை கதவு ஜன்னல் வேலை. நானும் அதே பட்டறையிலதான் இருக்கேன், ஆனா இப்ப முக்காவாசி மெஷின் வேலை. ரெண்டு வருஷம் முன்ன போன்ல ஒரு வீடியோ காட்டினேன், ஜப்பான் ஆசாரி ஒருத்தர் இழைப்புளியைத் தன் பக்கமா இழுத்து சீவுறாரு, சுருள் அப்படியே பட்டுத் துணி மாதிரி நீளமா மேல எழும்பி வருது, அப்பா அதை நாலஞ்சு தடவை திருப்பித் திருப்பிப் போடச் சொல்லி பாத்துட்டு "இவங்க ஏன்டா இழுக்குறாங்க, நாம தள்ளுறோமே" ன்னு கேட்டாரு. என்கிட்ட பதில் இல்ல. அதுக்கப்புறம் இதைப் பத்தியே படிச்சு, காசு சேத்து, இந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கருவியெல்லாம் கழுவிப் பொட்டு வெச்சு கும்பிட்டுட்டு கிளம்பி வந்துட்டேன்.

சாயங்காலம் பக்கத்துல ஹார்டுவேர் கடைக்கு மட்டும் போனோம். ரம்பம் மட்டும் ஒரு சுவர் முழுக்க. எல்லாமே கை ரம்பம், எல்லாமே இழுத்து அறுக்குறது. தகடைத் தொட்டுப் பாத்தேன், அவ்வளவு மெல்லிசு. நம்ம ரம்பத்தைத் தள்ளி அறுக்கும்போது தகடு வளையக்கூடாதுன்னு கனமா செய்யணும், இழுக்கும்போது தகடு விறைச்சு நேரா நிக்குது, அதனால மெல்லிசா இருந்தாலும் போதும், மெல்லிசா இருந்தா அறுக்குற கோடும் ஒடுக்கமா இருக்கும், மரத்தூளா வீணாகுறது கொறையும், கைக்கும் பலம் கம்மியா போதும். அப்பா கேட்டதுக்குப் பாதி பதில் முதல் நாளே கடை சுவத்துல மாட்டியிருந்துச்சு.

நாள் 2 – தச்சுக் கருவி மியூசியம்

ஷின்-கோபே ஸ்டேஷன்ல இருந்து நடந்தே போற தூரம்தான் தகேனகா தச்சுக் கருவி மியூசியம். தகேனகான்னு ஒரு பெரிய கட்டடக் கம்பெனி, 1610ல நகோயாவுல ஒரு கோயில் தச்சர் ஆரம்பிச்சது. அவங்கதான் 1984ல இந்த மியூசியத்தைத் தொடங்கி, 2014ல இப்ப இருக்குற இடத்துக்கு மாத்தியிருக்காங்க. வெளிய பாத்தா ஒரு மாடிதான், மீதி ரெண்டு தளமும் மண்ணுக்குக் கீழ. முப்பதாயிரத்துக்கு மேல பொருள் சேத்து வெச்சிருக்காங்க. காலைல கடை தொறக்குற நேரத்துக்குப் போய் சாத்துற நேரத்துக்குத்தான் வெளிய வந்தேன்.

உள்ள போனதும் தோஷோதாய்-ஜி கோயிலோட தூண் தலையும் அதுக்கு மேல அடுக்கடுக்கா கூரையைத் தாங்குற கட்டைகளும் நிஜ அளவுலயே செஞ்சு நிறுத்தியிருக்காங்க, கீழ நின்னு அண்ணாந்து பாக்கணும். ஒவ்வொரு மூட்டும் கண்ணுக்குத் தெரியுது. ஆனா என்னை நிக்க வெச்சது அது இல்ல, கீழ்த் தளத்துல சுவர்ல வரிசையா மாட்டியிருந்த 179 கருவி.

1943ல டோக்கியோவுல ஒரு கணக்கெடுப்பு நடந்திருக்கு, ஒரு வீட்டுத் தச்சர் முழுசா வேலை செய்ய எத்தனை கருவி வேணும்னு. நல்லா வேலை செய்ய 179, ரொம்பக் கொறைச்சலா வெச்சுக்கிட்டாலும் 72. அந்த 179ல உளி மட்டும் 49, இழைப்புளி 40! ஒரு ஆளோட சாமான் இது. எங்க அப்பா பெட்டியில உளி எட்டோ ஒம்பதோ இருக்கும், அதுவே பெரிய பெட்டின்னு சொல்லுவாங்க. இங்க பள்ளம் தோண்ட ஒண்ணு, அதோட அடியைச் சமன் பண்ண ஒண்ணு, தோண்டின துணுக்கைக் கிளறி எடுக்க ஒண்ணு, சுத்தியலால அடிக்காம கையால மட்டும் தள்ளுறதுக்கு நீளப் பிடி வெச்ச ஒண்ணுன்னு போய்க்கிட்டே இருக்கு.

அங்க எழுதி வெச்சிருந்த ஒரு விஷயம் மனசுல ஒட்டிக்கிச்சு. நல்ல கருவி மியூசியத்துக்கு வர்றதில்லையாம். நல்ல உளின்னா ஆசாரி அதைத் தீட்டித் தீட்டி கடைசி எஃகு தீர்ற வரைக்கும் வேலை வாங்கிடுவாரு, மிஞ்சுறது பிடியும் ஒரு துண்டு இரும்பும்தான், அதைத் தூக்கிப் போட்டுடுவாங்க. சுமாரான கருவிதான் பழுதில்லாம காலம் கடந்து நிக்கும். அதனாலதான் யாராச்சும் சேத்து வெக்கலைன்னா நல்ல கொல்லர்கள் செஞ்சது ஒண்ணும் மிஞ்சாதுன்னு இந்த மியூசியத்தையே ஆரம்பிச்சிருக்காங்க. எங்க தாத்தாவோட உளி எதுவும் ஏன் வீட்ல இல்லன்னு எனக்கு இன்னைக்குத்தான் விளங்குச்சு.

சியோசுரு கொரேஹிதேன்னு ஒரு கொல்லர், 1874ல பொறந்து 1957ல இறந்தவரு. வாள் அடிக்கிற குடும்பத்துல வந்தவரு. 1876ல அரசாங்கம் சாமுராய்கள் இடுப்புல வாள் வெச்சுக்கிட்டு நடக்கக் கூடாதுன்னு தடை போட்டதும் வாளுக்குக் கிராக்கி போச்சு, அந்த மாதிரி கொல்லர்ல நிறைய பேர் உளி, இழைப்புளி, கத்தின்னு திரும்பிட்டாங்க. வாளுக்குன்னு நூத்துக்கணக்கான வருஷமா சேந்த வித்தை அப்படியே ஆசாரி கைக்கு வந்துடுச்சு. அவர் அடிச்ச இழைப்புளித் தகடு கண்ணாடிக்குள்ள இருக்கு, பக்கத்துல கொஞ்ச நேரம் சும்மா நின்னேன்.

அப்புறம் அவங்க மூலைமட்டம், சாஷிகானேன்னு பேரு. மெல்லிசு எஃகு, எல் வடிவம், பாக்க நம்மது மாதிரிதான். திருப்பினா பின்பக்கம் இன்னொரு அளவு இருக்கு, முன்பக்க அளவை 1.414 ஆல பெருக்கினது. எதுக்குன்னா, உருண்டைக் கட்டையோட வெட்டுமுகத்துல குறுக்கா பின்பக்கத்தை வெச்சுப் படிச்சா என்ன எண் வருதோ, அதுதான் அந்தக் கட்டையில இருந்து அறுத்தெடுக்கக் கூடிய பெரிய சதுர உத்தரத்தோட பக்க அளவு. கணக்கு போட வேண்டியதே இல்ல! பள்ளிக்கூடத்துல ரூட் 2 படிச்சப்ப இது எதுக்குடா உதவும்னு நெனச்சவங்க எல்லாரும் இதை ஒரு தடவை கையில வெச்சுப் பாக்கணும். இன்னொரு அளவும் இருக்கு, அதை விட்டத்துல வெச்சா சுத்தளவைச் சொல்லும். கட்டைக்கு இரும்புப் பட்டை போடணும்னா எவ்வளவு நீளம்னு உடனே தெரிஞ்சிடும். அடி அளவு ஷாகு, 30.3 சென்டிமீட்டர், நம்ம அடிக்கு ரொம்பப் பக்கத்துல வருது.

நாள் 3 – மிகி

இன்னைக்குத்தான் உண்மையான நாள். நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

கோபேல இருந்து மலைப்பக்கமா ஏறிப் போற சின்ன ரயில், சுசுரண்டாய்ல வண்டி மாறி மிகி-உயெனோமாரு ஸ்டேஷன். இறங்கின இடத்துலயே பழைய கோட்டை இருந்த மேடு. 1578ல இருந்து 1580 வரைக்கும் ஹிதேயோஷின்னு ஒரு படைத் தளபதி இந்தக் கோட்டையை முற்றுகை போட்டு சோறு போகாம அடைச்சு, உள்ள இருந்தவங்க பட்டினி கெடந்து செத்திருக்காங்க. ஊர் மொத்தமா எரிஞ்சு போச்சு. சண்டை முடிஞ்சதும் ஊரைத் திரும்பக் கட்டணும்னு வரியைத் தள்ளுபடி பண்ணாங்க, தச்சர்கள் நாலாப் பக்கமிருந்தும் வந்தாங்க, தச்சர் இருக்குற இடத்துல கருவி தேவைப்படும், அதனால கொல்லர்கள் வந்தாங்க. ஊர் கட்டி முடிஞ்சப்புறம் தச்சர்கள் வேலை தேடி வேற வேற ஊருக்குப் போனப்ப மிகிக் கருவியையும் கையோட கொண்டு போனாங்க, பேரு பரவிடுச்சு. இன்னிக்கும் மிகின்னாலே ரம்பம், உளி, இழைப்புளி, கொத்தனார் கரண்டி, சின்னக் கத்தி இந்த அஞ்சும்தான். 1996ல அரசாங்கம் பாரம்பரியக் கைத்தொழில்னு அங்கீகாரம் குடுத்திருக்கு.

மேட்டுலயே இரும்புச் சாமானுக்குன்னு ஒரு மியூசியம், பக்கத்துல கருவிக்குன்னு ஒரு கோயிலும் இருக்கு. கையெடுத்துக் கும்பிட்டேன். வருஷத்துல ஒரு நாள் ஜப்பான் கொல்லர்கள் துருத்திக்குப் பண்டிகை கொண்டாடுறது வழக்கம்னு மாப்ள சொன்னான், அன்னைக்கு உலைக்கு லீவு. புது வருஷத்துல தச்சர்கள் நூல்ல மை ஏத்திக் கோடு போடுற மைக்கூடு, மூலைமட்டம், வாய்ச்சி இதையெல்லாம் அலங்காரமா அடுக்கி வெச்சு கும்பிடுறதும் உண்டாம். கேக்கக் கேக்க வீட்ல இருக்குற மாதிரியே இருந்துச்சு.

கீழ இறங்கி ஒரு பழைய கருவிக் கடை. கடைக்காரப் பெரியவருக்கு எழுபதுக்கு மேல இருக்கும். நான் ஆசாரி மகன்னு மாப்ள சொன்னதும் என் கையை வாங்கி உள்ளங்கையைப் பாத்தாரு, பாத்துட்டு உள்ள கூப்பிட்டு டீ குடுத்தாரு. இழைப்புளி வேணும்னு கேட்டேன். இங்க அதுக்குப் பேரு கன்னா. அவர் முதல்ல கேட்ட கேள்வி "என்ன மரம் சீவப்போறீங்க?" தேக்கு, வேங்கை, கொஞ்சம் பலான்னு சொன்னேன். உடனே கையில எடுத்த பெட்டியைத் திரும்ப வெச்சுட்டாரு.

அவங்க கன்னா பெரும்பாலும் ஹினோகி, சுகி மாதிரி மென்மையான ஊசியிலை மரத்துக்குச் செஞ்சது. தகடு படுத்திருக்குற சரிவு, பத்துக்கு எட்டுன்னு சொல்றாங்க, அதாவது பத்து விரல் தள்ளிப் போனா எட்டு விரல் ஏறும், சுமார் 39 டிகிரி. கூரைச் சரிவைச் சொல்ற அதே முறைதான். தேக்குக்கு அது ஆகாது, மரம் பிய்ஞ்சு வரும், பத்துக்குப் பத்து, 45 டிகிரி வேணும். அதோட தேக்குல மணல் சத்து இருக்கு, எஃகு சீக்கிரம் மழுங்கும். அதனால வேற எஃகு. ஷிமானே பக்கம் யாசுகி ஊர்ல செய்யுற எஃகு அது, வெள்ளைத் தாள், நீலத் தாள்னு பேரு. கட்டி வர்ற காகிதத்தோட கலர்தான் பேராயிடுச்சு. வெள்ளை ரொம்ப சுத்தமான கார்பன் எஃகு, சுலபமா தீட்டலாம், கூர் ரொம்ப நல்லா வரும். நீலத்துல டங்ஸ்டனும் குரோமியமும் கலந்திருக்கு, தீட்ட நேரம் புடிக்கும், ஆனா கூர் நிக்கும். தேக்குக்கு நீலம்னு அவரே முடிவு பண்ணிட்டாரு.

கன்னாவைக் கையில குடுத்தாரு. ஒரு கட்டை, ஒரு தகடு, ஒரு சின்னத் தகடு, குறுக்க ஒரு கம்பி. அவ்வளவுதான். பிடி இல்ல, கொம்பு இல்ல, ஸ்க்ரூ இல்ல. நம்மதுல தகடு நிக்க ஆப்பு அடிப்போம் இல்லையா, இதுல தகடே ஆப்பு. மேல கனமாவும் கீழ மெல்லிசாவும் அடிச்சிருக்கு, கட்டையோட ரெண்டு பக்கக் காடியில அது இறுகி நிக்கும். தகடு தலையில தட்டினா வெளிய வரும், கட்டையோட தலையில தட்டினா உள்ள போகும், அரைத் தட்டு கால் தட்டுன்னு கேட்டுக்கிட்டே சரி பண்ணணும். கட்டை வெள்ளை ஓக், அதைச் செய்யுறது கொல்லர் இல்ல, அதுக்குத் தனியா ஒரு தொழில் ஆளு.

ஆனா தகடு முழுசா உள்ள போகலை. அடியில தகடு வெளிய எட்டிப் பாக்குற வாய்க்கு வர ஒரு விரல்கடை இருக்கும்போதே நின்னுடுச்சு. பழுதோன்னு நெனச்சேன். பெரியவர் சொன்னதை மாப்ள நிறுத்தி நிறுத்திச் சொன்னான்: "இது இன்னும் கன்னா இல்ல. கொல்லர் பாதி செஞ்சாரு, கட்டைக்காரர் கால்வாசி செஞ்சாரு, மீதியை வாங்குறவர் செய்யணும். தகடு முதுகுக்கு ஏத்த மாதிரி கட்டைக்குள்ள நீங்கதான் உளியால தடவித் தடவி இடம் பண்ணணும். அடிப்பக்கத்தையும் நீங்கதான் சமன் பண்ணணும்." அடிப்பக்கம்னா தட்டையா இல்ல, மூக்குலயும் வாய்க்கு முன்னாடியும் மட்டும் மரத்தைத் தொடணும், நடுவுல மயிரிழை பள்ளம் வேணும், அதைச் சுரண்டவே தனியா ஒரு கன்னா இருக்கு. உளியும் அப்படித்தான், பிடித் தலையில இருக்குற இரும்புப் பூணை வாங்கினவரே கழட்டி, மரத்தை அடிச்சுச் சிறுசாக்கி, பூணை இறக்கி, தலையில நாரை மடிச்சு விடணும். இப்ப தச்சருக்கு நேரம் இல்லைன்னு வாங்கினதும் சீவலாம்ங்குற மாதிரி ரெடி பண்ணியும் விக்கிறாங்களாம். எனக்கு ரெடியா இல்லாததே குடுங்கன்னு கேட்டேன். அவர் சிரிச்சுக்கிட்டே தலையாட்டினாரு.

ஏன் இழுக்குறீங்கன்னு அப்பாவோட கேள்வியைக் கேட்டேன். வாயால பதில் சொல்லலை, எழுந்து ஒரு கட்டை மேல நின்னு காமிச்சாரு. ரெண்டு கை கன்னா மேல, கை மடங்கவே இல்ல, காலை மாத்தி மாத்திப் பின்னாடி நடக்குறாரு. இடுப்பும் காலும்தான் இழுக்குது, கை சும்மா வழி காட்டுது. உத்தரம் மாதிரி நீளமான மரத்தை ஒரே இழுப்புல, நடுவுல நிறுத்தாம, இந்தக் கடைசியில இருந்து அந்தக் கடைசி வரைக்கும் சீவணும்னா அப்படித்தான் முடியும்னு எனக்குப் பட்டுச்சு. இதை வீடியோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். பத்து நிமிஷத்துல போன் வந்துச்சு, "கால்ல சீவுறான்டா" ன்னாரு.

பெரியவர் தெரிஞ்ச ஒரு கொல்லர் பட்டறைக்குக் கூட்டிட்டுப் போனாரு. நோமி, அதாவது உளி அடிக்கிறவரு. உள்ள இருட்டு, வேணும்னே இருட்டு, ஏன்னா இரும்போட சூட்டை நெறத்தை வெச்சுத்தான் பாக்குறது, வெளிச்சம் இருந்தா கண்ணு ஏமாந்துடும். ஒரு துண்டு பச்சிரும்பு, அது மேல ஒரு மெல்லிசு எஃகுத் துண்டு, நடுவுல வெங்காரமும் இரும்புப் பொடியும் தூவி உலையில வெச்சு, நெறம் வந்ததும் எடுத்து பட்டறைக்கல்லுல நாலு அடி மெதுவா, அப்புறம் பலமா. ரெண்டும் ஒண்ணாயிடுச்சு. சூடு கொஞ்சம் ஏறிட்டா எஃகு செத்துடும், கொஞ்சம் கொறைஞ்சா ஒட்டாது. வெங்காரத்தைப் பாத்ததும் எங்க ஊர் பத்தர் கடை ஞாபகம் வந்துச்சு.

ஏன் ரெண்டு இரும்பு? முழுக்க கெட்டி எஃகா இருந்தா தீட்டவே முடியாது, சுத்தியல் அடியில உடைஞ்சும் போகும். முழுக்க பச்சிரும்பா இருந்தா கூர் நிக்காது. அதனால வெட்டுற முகத்துல மட்டும் கெட்டி எஃகு, பின்னாடி தாங்குறதுக்கு மெத்து இரும்பு. பழைய கப்பல் நங்கூரச் சங்கிலி, பழைய பாலத்து இரும்பு இதெல்லாம் கெடைச்சா கொல்லர்கள் விடவே மாட்டாங்களாம், அந்தக் காலத்து இரும்பு நாரு நாரா மெத்துன்னு இருக்கும், தீட்டுக்கல்லுல இழுத்தா வழுக்காது. எஃகு முகத்துல நடுவுல குழியா சுரண்டி விடுறாங்க, அந்தப் பக்கத்துக்கு ஊரான்னு பேரு. தட்டையா தேய்க்கும்போது ஓரம் மட்டும்தான் கல்லுல படும், கொஞ்ச நேரத்துல சமன் வந்துடும். இவ்வளவு யோசனை ஒரு விரல் அகல இரும்புக்குள்ள இருக்கு, நான் இருபது வருஷமா உளி பிடிச்சிருக்கேன், இப்படி ஒரு குழி வெச்சா என்னன்னு ஒரு தடவை கூடத் தோணினதில்ல.

அந்தக் கொல்லருக்கு வாரிசு இல்ல. மகன் வேற வேலையில இருக்காரு. இந்த ஊர்லயே பெரிய பெரிய ஃபேக்டரியில தகடு மாத்துற ரம்பம் செய்யுறாங்க, பல்லை மின்சாரத்துல சட்டுனு சூடாக்கிக் கெட்டிப் பண்ணிடுறதால நல்லா நாள் உழைக்கும், ஆனா மழுங்கினா அரம் ஏறாது, தூக்கிப் போட்டுட்டு புதுத் தகடு மாட்டணும். அதனால ரம்பத்துக்குப் பல்லு வெக்கிற ஆளுங்க தொழிலும் போய்க்கிட்டே இருக்கு. அந்த ரம்பங்கள் நல்ல ரம்பங்கள்தான், நானும் ஒண்ணு வாங்கினேன். ஆனாலும் அந்த இருட்டுப் பட்டறையில இருந்து வெளிய வரும்போது நெஞ்சு கனமாத்தான் இருந்துச்சு.

நாள் 4 – ஹோர்யூ-ஜி

நாரா பக்கம், இகாருகா ஊர்ல இருக்குற புத்தர் கோயில். ஸ்டேஷன்ல இருந்து இருபது நிமிஷம் நடை. உலகத்துலயே இன்னிக்கும் நிக்குற ரொம்பப் பழைய மரக் கட்டடங்கள் இங்கதான். அஞ்சு அடுக்குக் கோபுரத்தோட நடுத் தூண் மரத்தோட வளையங்களை எண்ணி ஆராய்ஞ்சப்ப 594ல வெட்டின மரம்னு தெரிய வந்திருக்கு. 594! தஞ்சாவூர் பெரிய கோயிலுக்கு நானூறு வருஷத்துக்கும் முன்ன.

இதைக் கட்டினப்ப நான் நேத்து வாங்கின கன்னா இல்ல. நீள ரம்பமும் இல்ல. நீளவாக்குல பலகை அறுக்குற ரெண்டு ஆள் ரம்பம் 15ஆம் நூற்றாண்டு வாக்குலதான் வருது, கட்டையில பொருத்தின இழைப்புளியும் கிட்டத்தட்ட அதுக்கப்புறம்தான். அப்ப எப்படிப் பலகை எடுத்தாங்க? ஆப்பு வெச்சுப் பிளந்தாங்க. நேரா நார் ஓடுற ஹினோகி மரமா பாத்து, உளியால வரிசையா ஆப்பு போட்டுப் பிளந்து, வாய்ச்சியால செதுக்கி, கடைசியா யாரிகன்னான்னு ஈட்டி மாதிரி ஒரு கருவியால சீவினாங்க. நீளமான பிடி, நுனியில ஒரு இலை மாதிரி லேசா வளைஞ்ச கத்தி, ரெண்டு பக்கமும் கூர். மரம் நார் ஓடுற படியே பிளக்குறதால அதோட பலம் எங்கயும் அறுபடலை. ரம்பம் வந்தப்புறம் வளைஞ்ச மரத்தைக் கூட நேரா அறுக்கலாம், வசதிதான், ஆனா நாரை வெட்டிக்கிட்டுப் போகும்.

தூணைத் தொடக் கூடாத இடத்துல கண்ணை மட்டும் பக்கத்துல வெச்சுப் பாத்தேன். தட்டையா இல்ல. தண்ணி மேல காத்து அடிச்ச மாதிரி சின்னச் சின்னப் பள்ளம். ஒவ்வொண்ணும் ஒரு ஆளோட ஒரு இழுப்பு.

யாரிகன்னா நடுவுல வழக்கத்துல இருந்து போயே போயிடுச்சு. அதைத் திரும்பக் கொண்டு வந்தவரு நிஷியோகா சுனேகாசு. 1908ல இதே ஊர்ல பொறந்தவரு, ஹோர்யூ-ஜியோட தச்சர் பரம்பரை, 1995ல இறந்தாரு. பழைய படங்களையும் பழைய கருவிகளையும் பாத்து, மரத்துல இருந்த தடத்தையே பாத்து, திரும்ப அடிக்க வெச்சு, எப்படிப் பிடிக்கிறதுன்னு தானே கத்துக்கிட்டாரு. பையனா இருந்தப்ப அவரைத் தொழில்நுட்பப் பள்ளிக்கு அனுப்பாம தாத்தா விவசாயப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாராம், முதல்ல மண்ணைத் தெரிஞ்சுக்கோ, அப்புறம் மரம் தெரியும்னு. இதைக் கேட்டதுல இருந்து அந்தத் தாத்தாவைப் பத்தியே யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.

நாள் 5 – யாகுஷி-ஜி, தோதாய்-ஜி

கால் வலி, கொஞ்சமாத்தான் எழுதுறேன். யாகுஷி-ஜியில ரெண்டு கோபுரம். கிழக்குல இருக்குறது 730ஆம் வருஷத்துது, மேற்குல இருக்குறது எரிஞ்சு போனதை நிஷியோகா தலைமையில 1981ல திரும்பக் கட்டினது. மரம் காலப்போக்குல சுருங்கி எடையில அமுங்கும்னு கணக்குப் போட்டு புதுசைக் கொஞ்சம் உயரமாவே கட்டியிருக்காங்க. தான் பாக்கப் போகாத நாளுக்காகக் கட்டினது! பெரிய மரம் ஜப்பான்ல கெடைக்காம மூலக் கோயிலுக்குத் தைவான்ல இருந்து ஹினோகி வந்திருக்கு.

தோதாய்-ஜியோட தெற்கு வாசல் 1199ல எழும்பினது. மேல உத்தரத்துல ஒரு மைக்கூடு இருந்ததைப் பின்னாடி பழுது பாத்தப்ப கண்டெடுத்திருக்காங்க, எந்தக் காலத்துத் தச்சரோ மறந்து வெச்சுட்டுப் போனது. மைக்கூடுன்னா சுமித்சுபோ, ஒரு பக்கம் மையில நனைச்ச பஞ்சு, ஒரு பக்கம் நூல் சுத்தின சக்கரம், நூல் நுனியில ஊசி. ஊசியை மரத்துல குத்தி, நூலை மைக்குள்ள ஓட்டி இழுத்து, சுண்டினா நேர்கோடு. நாம நூல் அடிக்கிறதுதான். கீழ நின்னு அண்ணாந்து பாத்துக்கிட்டே இருந்தேன், அந்த ஆளு இறங்கி வந்தப்புறம் இடுப்பைத் தடவித் தேடியிருப்பாரு.

நாள் 6 – கியோட்டோ

இன்னைக்கு 21ஆம் தேதி. மாசாமாசம் 21 அன்னைக்கு தோ-ஜி கோயில்ல சந்தை. 1644ல கட்டின, சுமார் 55 மீட்டர் உயரக் கோபுரத்துக்குக் கீழ பழைய துணி, பாத்திரம், ஊறுகாய், நடுநடுவுல தார்பாய் விரிச்சு துருப்பிடிச்ச கருவிகள். நாலு கடை பாத்தேன். ஒரு கடையில பெட்டி நிறைய உளி, பெரும்பாலும் குட்டை. தீட்டித் தேஞ்சு குட்டையானது. மியூசியத்துல படிச்சது இங்க தார்பாய் மேல கெடந்துச்சு. ஒண்ணை எடுத்தேன், தகடு கட்டை விரல் நீளம் கூட இல்ல, பிடியில கை பட்டுப் பட்டு ஒரு பக்கம் பள்ளமாவே ஆயிருக்கு, என் கட்டை விரல் அந்தப் பள்ளத்துல சரியா உக்காந்துச்சு. 1,500 யென் சொன்னாங்க. எஃகு ஒரு நகக்கண் அளவு மிச்சம் இருக்கு. பேரம் பேசாம வாங்கிட்டேன். யாரோ ஒருத்தர் ஆயுசு முழுக்க வேலை செஞ்ச உளி அது, அதுக்கு விலை பேச மனசு வரலை.

மதியம் தீட்டுக்கல் கடை. கியோட்டோ மலைகள்ல, நருதாகி பக்கம், எடுக்குற கல்லுக்கு ஈடு கிடையாதுன்னு எல்லாருமே சொல்றாங்க. பல கோடி வருஷம் முன்ன ஆழ்கடல் அடியில மெல்ல மெல்லப் படிஞ்ச சேறு இறுகின கல், அதனாலதான் துகள் அவ்வளவு நைசு. இப்ப சுரங்கம் பெரும்பாலும் மூடிட்டாங்க, மிச்சக் கல்லுக்கு விலை ஏறிக்கிட்டே போகுது. கடைக்காரம்மா ஒவ்வொரு கல்லுலயும் தண்ணி தெளிச்சு, என் உளியையே தேய்க்க விட்டாங்க. கல்லுக்குக் கல் சத்தம் வேற. ஒண்ணு கீச்சுன்னுது, ஒண்ணு வழுக்கிக்கிட்டே போச்சு, ஒண்ணுல எஃகு மெதுவா கவ்வி இழுத்த மாதிரி இருந்துச்சு, கருப்பா பால் கட்டுச்சு. அந்தம்மா உடனே "இதுதான்" ன்னாங்க. நான் சொல்றதுக்கு முன்னாடியே அவங்க காதுல கேட்டுட்டாங்க. உள்ளங்கை அளவு உடைஞ்ச துண்டுதான், முழுக் கல் வாங்க என்னால ஆகாது.

செயற்கைக் கல்லும் நல்லாவே கூர் வெக்கும், பொய் சொல்லக்கூடாது. ஆனா இந்தக் கல்லுல தீட்டினா பச்சிரும்பு மங்கலாவும் எஃகு பளபளன்னும் தனித்தனியா தெரியுது, எல்லைக் கோடு மேகம் மாதிரி. அதைப் பாத்தாத்தான் கொல்லர் எங்க ஒட்டினாருன்னு தெரியும்.

நாள் 7 – திரும்ப கோபே, கிளம்புற நாள்

காலைல சீக்கிரம் எழுந்து மாப்ள வீட்டு பாத்ரூம்ல உக்காந்து கன்னாத் தகடை எடுத்தேன். முதல்ல பின்பக்கம், ஊரா. ஓரம் முழுக்க ஒரே மாதிரி பளபளப்பு வர்ற வரைக்கும். அப்புறம் சரிவு. ஒன்றரை மணி நேரம். முதுகு புடிச்சிடுச்சு, மாப்ள ரெண்டு தடவை எட்டிப் பாத்து "மாமா ஃப்ளைட் இருக்கு" ன்னான்.

இவ்வளவு தீட்டுறது எதுக்குன்னா, அவங்க வேலைல உப்புத்தாள் கிடையாது. சீவினதோட சரி. நல்ல கூர்ல சீவின மரத்துல நார் பிய்ஞ்சு நிக்காது, சுத்தமா அறுபட்டு நிக்கும், மேல எண்ணெய் வார்னிஷ் எதுவும் இல்லாமலே பளபளக்கும், தண்ணி விட்டா உருண்டு ஓடிடும்னு மிகிப் பெரியவர் சொன்னாரு. இதுக்குன்னே 1997ல இருந்து கெசுரோகாய்னு ஒரு கூட்டம் இருக்கு, நாடு முழுக்க இருந்து தச்சர்கள் கூடிச் சீவிப் பாக்குறாங்க, சுருளை மைக்ரோமீட்டர்ல அளக்குறாங்க, 10 மைக்ரானுக்கும் கீழ வருது. நம்ம தலைமுடி கனத்துல ஏழுல ஒரு பங்கு கூட வராது.

என் கன்னாவுல இன்னைக்கு ஒரு சுருளாச்சும் எடுத்துடணும்னு ஆசையா இருந்துச்சு. கட்டைக்குள்ள இடம் பண்ண உளியை எடுத்தும் வெச்சுட்டேன். அப்புறம் மிகிப் பெரியவர் கிளம்பும்போது சொன்னது ஞாபகம் வந்துச்சு. ஊருக்குப் போனதும் கட்டையைத் தொடாதீங்க, உங்க ஊர் காத்துல, உங்க ஊர் மழையில அது கொஞ்ச மாசம் இருக்கட்டும், அது எவ்வளவு ஊதணுமோ ஊதி, எவ்வளவு சுருங்கணுமோ சுருங்கி நிக்கட்டும், அதுக்கப்புறம் தகடுக்கு இடம் பண்ணுங்க, இங்க பண்ணினா அங்க வந்து இறுகிப் போய்ப் பிளக்கும்னாரு. உளியைத் திரும்பப் பெட்டிக்குள்ள வெச்சுட்டேன்.

தகடைத் தனியா எண்ணெய் தடவி காகிதத்துல சுத்தி, கட்டையைத் தனியா துண்டுல சுத்தி, தோ-ஜி உளியை நடுவுல வெச்சு எல்லாத்தையும் செக்-இன் பெட்டியில போட்டாச்சு. கல்லை மட்டும் கையில வெச்சிருக்கேன், உடைஞ்சிடுமோன்னு பயம்.

ஏர்போர்ட் பஸ்ல இருந்துதான் எழுதுறேன். அப்பா போன் பண்ணாரு. சுருள் எப்படி வருதுன்னு கேட்டாரு. இன்னும் சீவலைப்பா, ஐப்பசி கார்த்திகை மழை முடியட்டும், தை பொறந்ததும் ரெண்டு பேரும் சேந்து கட்டைக்கு இடம் பண்ணலாம்னு சொன்னேன். சரி, அதுக்குள்ள நல்ல நார் ஓடுற தேக்கு ஒண்ணு பாத்து வெக்கிறேன்னு சொல்லிட்டு வெச்சுட்டாரு.